ஃபேன் இல்லாத வண்டியில் மாப்பிள்ளை அழைப்பு

மோர் வேண்டாங்களா? அப்பக் காப்பி? அதும் வேண்டாமா. சரி, உடுங்க. உக்காருங்க. அந்தச் சேர்ல வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க.

பொண்ணைப் பத்தி விசாரிச்சுட்டுப் போலாம்னு வந்தேன்னு வாசல்லயே சொல்லிப்போட்டீங்க. நல்லதுங்க. கலியாணம்னா நாலு எடத்துல விசாரிக்கோணும். நிரஞ்சனா எங்க தங்கச்சி பெத்த ரெண்டாவது புள்ளை. நான் அவளுக்குச் சொந்தத் தாய்மாமன், ஒண்ணு விட்டது ரெண்டு விட்டதெல்லாம் இல்லை. அந்தப் புள்ளையப் பத்தி என்ற வாய்ல ஒரு குத்தமும் வராதுங்க. தங்கமான புள்ளை. முடிஞ்சுது. அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப்போறது புள்ளையப் பத்தி இல்லீங்க. காரைப் பத்தி.

உள்ள வர்றப்ப தார்ப்பாய் போட்டு மூடி ஒரு கார் நிக்குதே, பாத்தீங்கல்ல? பாத்தீங்க. பாத்துட்டு மொகத்தை ஒரு மாதிரி வெச்சீங்க. நானும் பாத்தேன். பழைய பியட்டுங்க. எங்கப்பா ஓட்டுனது, அப்பறம் நான் ஓட்டுனது. நாலு சிலிண்டர். இந்தக் கோயமுத்தூர்ல எவன்கிட்டக் கேட்டாலும் பழைய வண்டி, காயலாங்கடைக்குப் போடுங்கன்னுதான் சொல்லுவான். எவனுக்கும் எஞ்சின்னா என்னன்னு தெரியாது. மூடியத் தொறந்து பாத்திருக்க மாட்டான். ஏசி போடத் தெரியும், பாட்டுப் போடத் தெரியும்.

எனக்கும் தங்கச்சி வீட்டுக்கும் ரெண்டு வருசமாப் பேச்சு வார்த்தை இல்லீங்க. நீங்க கேக்கலை. ஆனா சம்பந்தம் பண்ண வர்றவங்க, நாளைக்கு வேற எவனாவது கண்ணு காது மூக்கு வெச்சுச் சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிப்போடறேன். அத்தனைக்கும் காரணம் அந்த மூத்தவ கலியாணம். மைதிலி கலியாணம். அந்த மாப்பிள்ளையோட சித்தப்பன் ஒருத்தன் இருக்கறான் பாருங்க, பொன்னுரங்கம்னு. அவன் நல்லா இருக்க மாட்டானுங்க. எழுதி வெச்சுக்குங்க.

நிச்சயம் முடிஞ்ச மறுநாள் ரெண்டு வீட்டுக்காரங்களும் மருதமலைக்குப் போனோம். என்ற வண்டியில நான், என்ற வீட்டுக்காரி வசந்தா, பின்னால தங்கச்சி சாந்தாமணியும் அவ புள்ளைக ரெண்டும். டிக்கியில தேங்காய், பழம், பொங்கல் வெக்கற பாத்திரம். வண்டி நெறஞ்ச பாரம். மலை ரோட்டுல ஒரு வளைவுல எஞ்சின் திணறுச்சுங்க. செகண்ட் கியர் போட்டேன், இழுக்கலை. பஸ்ட் போட்டேன். நின்னு போச்சு. பின்னால ஒரே ஹாரன். இந்தப் பொன்னுரங்கம் புதுசா ஒரு வண்டி வாங்கியிருந்தான். யானைக்குட்டியாட்டம் இருக்கும், வெள்ளைக் கலரு. அதுல வந்தவன் பக்கத்துல நிறுத்திக் கண்ணாடிய எறக்கறான். "ஏனுங்ணா, இதைய வூட்டுலயே நிறுத்தி பூ வெச்சுக் கும்புட்டுக்கலாமுல்ல? ரோட்டுக்கு எதுக்குங்ணா கொண்டாறீங்க?"ன்னு கேட்டுட்டுப் போறான்.

அவன் கேட்டதை உடுங்க. அவன் வெளியாளு. பின்னாடி சீட்டுல இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்துச்சுங்க. யாருங்கறீங்க? என்ற கூடப்பொறந்தவ. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. அப்பன் ஓட்டுன வண்டி நிக்குது, அண்ணன் வேர்த்து ஒழுகிட்டு நிக்கறான், அவளுக்குச் சிரிப்பு. கேட்டா, "சும்மா சிரிச்சேன்ணா, அந்தாளு சொன்ன விதம் அப்புடி"ங்கறா. சும்மா யாராவது சிரிப்பாங்களா? நீங்க சிரிப்பீங்களா? பாருங்க, நீங்க சிரிக்கலை.

அன்னைக்கு முடிவு பண்ணேன். இந்த வண்டிய ஓட வெக்கறேன். அவன் யானைக்குட்டிய இதே வளைவுல முந்தறேன். நான் லேத்துப் பட்டறைக்காரனுங்க. கணபதியில பட்டறை. பம்பு செட்டு ஷாப்டு கடையறவன். எனக்கு ஒரு மெக்கானிக்கும் தேவையில்லை.

எஞ்சின்னா என்னங்க? காத்தை இழுக்கோணும், பெட்ரோலைக் கலக்கோணும், அமுக்கோணும், பத்த வெக்கோணும், பொகையத் தள்ளோணும். இவ்வளவுதான் சங்கதி. தலையாட்டாதீங்க, புரிஞ்சா ஆட்டுங்க. பழைய எஞ்சினுக்கு சக்தி இல்லைங்கறது பொய். சக்தி உள்ள இருக்குது. வண்டி பண்ணுனவன் ஊர்ல இருக்கற அத்தனை பேரும் ஓட்டோணும்னு நாலு பக்கமும் கட்டிப்போட்டு வெச்சிருக்கான். நான் ஒவ்வொரு கட்டா அவுத்தேன்.

மொதல்ல காத்து. மேல தகர டப்பாவுக்குள்ள ஃபில்டர வெச்சு அடைச்சிருப்பாங்க. மூக்கைப் புடிச்சுக்கிட்டு மலையேறச் சொன்னா ஏறுவீங்களா? டப்பாவைத் தூக்கி வீசிட்டுத் தொறந்த ஃபில்டர் போட்டேன். காத்து எச்சா வந்தா பெட்ரோலும் எச்சா வேணும். கார்புரேட்டருக்குள்ள பித்தளையில தம்மாத்துண்டு ஜெட் இருக்கும், அதுல தொளை. அந்தத் தொளையக் கொஞ்சம் பெருசு பண்ணேன். அப்பறம் எஞ்சினுக்கு மேல மூடியாட்டம் இருக்கற ஹெட்டைக் கழட்டி கிரைண்டிங்ல குடுத்துச் சீவினேன், உள்ள எடம் கொறைஞ்சா இறுக்கமா அமுக்கும். சைலன்சரைப் புடுங்கிட்டு நாலு சிலிண்டருக்கும் நாலு பைப்பை நானே வளைச்சு வெல்டு வெச்சேன். அட, அதோட சத்தம் கேக்கோணுமுங்க நீங்க. தெருவே எந்திரிச்சு வந்துச்சு. எதுத்த வீட்டு வாத்தியார் வந்து குழந்தை பயந்துக்குதுன்னாரு. குழந்தையத் தைரியமா வளத்துங்கன்னு சொல்லித் தாட்டிவிட்டேன்.

அதோட உட்டனா? எஞ்சின் பின்னால கனமா ஒரு சக்கரம் இருக்கும், ஃப்ளைவீல்னு. எஞ்சின் மெதுவாச் சுத்தறப்ப நின்னு போகாம அதுதான் இழுத்துட்டுப் போகும். ஆனா கனம் எச்சாங்கறதுனால சட்டுனு வேகம் எடுக்காது. லேத்துல மாட்டி ஓரத்தைக் கடைஞ்சு எறிஞ்சேன். கடைசியா ஃபேன். ரேடியேட்டருக்குக் காத்தடிக்க முன்னால ஒரு ஃபேன், எஞ்சின்தான் பெல்ட் போட்டு அதைச் சுத்தோணும். கலப்பை இழுக்கற மாட்டையே நமக்கு விசிறியும் விடச் சொன்னா அது எப்புடி இழுக்கும்? ஓடற வண்டிக்குக் காத்துத் தானா வருது. ரெக்கையக் கழட்டிப்போட்டேன். இந்த யோசனை இந்த ஊர்ல வேற எவனுக்கும் வந்திருக்காதுங்க.

வசந்தாளுக்கு மட்டும் புடிக்கலை. அவளுக்கு என்னதான் புடிச்சுது? லட்சுமி மில் சிக்னல்ல வண்டி நின்னா, எஞ்சினும் நின்னுரும். மறுக்கா ஸ்டார்ட் பண்ணோணும். "நிக்கறப்ப செத்துப் போகுது, ஓடறப்ப உசுரு வருது, என்ன வண்டிங்க இது?"ன்னா. நிறுத்தி வெக்கறதுக்கு அலமாரி வாங்கித் தர்றேன், இது காருன்னேன். ரயில்வே கேட்டுல நின்னப்ப எஞ்சின் சூடு காட்டற முள்ளு செவப்புக்குப் போயிருச்சாம். "முள்ளு மேல போகுதுங்க, முள்ளு மேல போகுதுங்க"ன்னு பொலம்பறா. நீ முள்ளைப் பாக்காத, ரோட்டைப் பாருன்னேன். பேசாம இருந்துட்டா. அவ பேசாம இருந்தா ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். எங்க வீட்டுல அப்புடித்தான்.

பத்திரிகை அடிச்சு மொதப் பத்திரிகைய சாமிக்கு வெக்க மறுபடி மருதமலை. பொன்னுரங்கமும் வந்தான், அதே வெள்ளை வண்டியில. அதே வளைவுங்க. மூணாவது கியர்ல இருந்து எறக்கக்கூட இல்லை. ஒரே மிதி. அவன் கண்ணாடிக்குப் பக்கத்துல என்ற நாலு பைப்பும் கத்துச்சு பாருங்க, அவன் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு ஓரமா ஒதுங்கறான். முந்திப்போட்டேன். நான் ஒரு வார்த்தை பேசலீங்க. ஹாரன் மட்டும் அடிச்சேன். மேல போயி சாமிகிட்ட வேற ஒண்ணும் கேக்கலை, தேங்ஸ்னு சொல்லிட்டு வந்தேன். என்ற வாழ்க்கையில அந்த ஒரு நாள் போதும்.

அது பொறுக்குமா? சாந்தாமணி போன் பண்றா. "அண்ணா, கோவிச்சுக்காத, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு ஒரு கார் சொல்லியிருக்குது. மேல தொறந்த காரு, பூவெல்லாம் அவங்களே சோடிச்சுக் கொண்டாந்துருவாங்க"ன்னு இழுக்கறா. எனக்கு எப்புடி இருக்கும் சொல்லுங்க. தாய்மாமன் காரு இருக்கறப்ப வாடகைக் காரா? எங்கப்பா உசுரோட இருந்தா இந்தப் பேச்சு வருமா? "அண்ணா, வண்டி சத்தம் காதைக் கிழிக்குது, நின்னு நின்னு போகோணும், அது நிக்குமா?"ன்னு கேட்டா. எனக்கு எஞ்சின் சொல்லித்தர்றா! வாடகைக் கார் வந்தா நான் மண்டபத்துக்கு வர மாட்டேன், மாமன் சீரும் வராதுன்னேன். அழுதா. அப்பறம் சரின்னுட்டா. தானாச் சரின்னா, நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலை.

மாப்பிள்ளை அழைப்பு எப்புடி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமே. புள்ளையார் கோயில்ல மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, காருல உக்கார வெச்சு, முன்னால மேளம், பொம்பளைங்க தட்டோட, மண்டபத்துக்கு ஊர்வலம். கிட்டத்தான். நான் வண்டிய நல்லாத் தொடச்சு, மல்லிப்பூச் சரம் தொங்கவிட்டு, ரோஜா ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்துனேன். மாப்பிள்ளை லோகேஸ்வரன் நல்ல பையன், கோட்டு சூட்டெல்லாம் போடலை, பட்டு வேட்டி சட்டை. பின் சீட்டுல ஏறி உக்காந்தான்.

கெளம்புச்சு. கெளம்புச்சுங்கறேன், எங்க கெளம்புச்சு? கேரளாவுல இருந்து செண்டை மேளம் சொல்லியிருந்தாங்க, அந்தப் பொன்னுரங்கம் செலவுல. அவனுக ரெண்டு அடி வெக்கறான், நின்னு அடிக்கறான். ரெண்டு அடி, நின்னு அடிக்கறான். முன்னால இந்தப் பொன்னுரங்கம் துண்டைத் தலையில கட்டிக்கிட்டு ஆடறானுங்க. வேணும்னே! வண்டிய நகர விடக்கூடாதுன்னு நடு ரோட்டுல ஆடறான். அந்த வயசுல ஆட்டம் என்னங்க வேண்டிக் கெடக்குது?

மலையேறுன எஞ்சின்ங்க அது. அதைய எறும்பு ஊர்ற மாதிரி ஓட்டச் சொன்னா? பஸ்ட் கியர், பாதி கிளச்சு. நிக்கும். ஸ்டார்ட் பண்ணுவேன். நிக்கும். ஸ்டார்ட் பண்றப்பெல்லாம் பைப்புல இருந்து டமார்னு ஒரு வெடி. மொத வெடிக்குப் பட்டாசுன்னு நெனச்சுக் கை தட்டுனாங்க. அடுத்த வெடிக்குத் தீப்பொறி வந்துச்சு. செண்டை அடிக்கறவன் ஒருத்தன் கோலைப் போட்டுட்டு ஓரமா ஓடிட்டான். மாவிளக்குத் தட்டு வெச்சிருந்த பொம்பளைங்க எல்லாம் செவுத்தோரம். சாந்தாமணி திரும்பி என்னையப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. கண்ணுலயே கும்புட்டா. எனக்குக் கோவந்தான் வந்துச்சு. மேளக்காரனை வெரசா நடக்கச் சொல்றதை விட்டுப்போட்டு என்னைய எதுக்குப் பாக்கறா?

சூட்டு முள்ளு செவப்புக்குப் போச்சு. செவப்பையும் தாண்டிப் போச்சு. முன்னால மூடி இடுக்குல இருந்து பொகை. "மாமா, பொகை வருதுங்க"ங்கறான் மாப்பிள்ளை. சாம்பிராணி மாப்ளெ, உக்காருங்கன்னேன். ஆனா எனக்குத் தெரியும். இன்னும் சித்தெ நேரம் இப்புடியே ஊர்ந்தா எஞ்சின் போயிரும். யோசிச்சேன். மத்தவனா இருந்தா நிறுத்தியிருப்பான். நான் எஞ்சின் தெரிஞ்சவன். சூடு எதனால? காத்து இல்லை. காத்து எப்ப வரும்? ஓடுனா வரும். வலது பக்கம் ஒரு ரோடு காலியாக் கெடந்துச்சு.

ஒடிச்சேன். ஒரே மிதி.

"மாமா, எங்க போறோம்?"னு கத்தறான் பின்னால. காத்து வாங்கிட்டு வந்தர்லாம் மாப்ளெ, ரெண்டு நிமிசம்னு சொன்னேன். என்ற கணக்கு சரிங்க! பைபாஸ் ஏறுனதும் முள்ளு கீழ எறங்குது. பொகை போச்சு. எஞ்சின் பாடுதுங்க. சத்தியமாப் பாடுச்சு. மல்லிப்பூவெல்லாம் பிச்சுக்கிட்டுப் பறக்குது, கண்ணாடியில ரோஜா இதழ் அடிக்குது. முள்ளு எறங்குனதும் திரும்பியிருப்பேன். திரும்பத்தான் பாத்தேன். முன்னால ஒரு வெள்ளைக் கார் போயிட்டு இருந்துச்சு. பொன்னுரங்கம் வண்டி மாதிரியே. அவனுது இல்லை, அவன்தான் அங்க ஆடிட்டு இருக்கறானே. இருந்தாலும், அதைய முந்திட்டுத் திரும்பலாம்னு பாத்தேன். முந்தியும் போட்டேன். அப்பத்தான் டொப்புன்னு ஒரு சத்தம். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற கேஸ்கெட் போயிருச்சு. வண்டி ஓரமா நின்னுச்சு. சுத்தி வெறும் பொட்டக்காடு.

மாப்பிள்ளை செல்போன் அவன் சிநேகிதன்கிட்ட. என்ற போன் வசந்தா கைப்பையில. சரி, மொதல்ல மூடியத் தொறந்து பாக்கலாம்னு மாப்பிள்ளைய வெளிய கூப்புட்டு, பூவைக் கொஞ்சம் ஒதுக்கிப் புடிக்கச் சொன்னேன். நல்ல பையன், புடிச்சான். கையெல்லாம் கரி.

நாங்க இங்க இருக்கறோம். அங்க என்ன நடந்துச்சுன்னு வசந்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊர்வலத்துல மாப்பிள்ளையக் காணோம்! மேளம் அடிச்சுட்டே திரும்பிப் பாத்தா பின்னால வெறும் ரோடு. மொதல்ல சிரிச்சாங்களாம். அப்பறம் நேரமாக ஆக, இந்தப் பொன்னுரங்கம் என்ன சொன்னான் தெரியுங்களா? "மாமன் மகனுக்குப் பொண்ணு குடுக்கலைன்னு கோவம், அதுதான் மாமன்காரன் மாப்பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டான்"னு. முறைன்னு பாத்தா மைதிலி என்ற பையனுக்கு முறைப்பொண்ணுதான். ஆனா அவன் பெங்களூர்ல இருக்கறான், அவனுக்கு இந்தப் புள்ளைக ரெண்டும் கூடப்பொறந்த மாதிரி. அந்த எண்ணமே எங்களுக்குக் கெடையாது. பேச்சு பத்திக்குச்சுங்க. பொண்ணு என்ற பையனோட ஏற்கெனவே பேசி வெச்சிருந்தாளாம், அதனால மாப்பிள்ளைய ஒளிச்சு வெச்சுட்டாங்களாம். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க வேன்ல ஏற ஆரம்பிச்சுட்டாங்க. மைதிலி அலங்காரத்தோட ரூமுக்குள்ள தாழ் போட்டுக்கிட்டா. சாந்தாமணி மண்டப வாசல்ல அப்புடியே உக்காந்துட்டாளாம்.

என்னைய யாராவது நெனச்சாங்களா? மாமனுக்கு என்னாச்சோ, வண்டிக்கு என்னாச்சோன்னு ஒருத்தர் கேக்கலை.

அப்பத்தான் இந்த நிரஞ்சனா கெளம்புனா. அதான் நீங்க பாக்க வந்த பொண்ணு. காலேஜு கடைசி வருசம் அப்ப. பட்டுச் சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு ஸ்கூட்டர எடுத்திருக்கறா. வழியில பேக்கரிக்காரன், பூக்காரம்மா, பங்க்ல நின்னவன்னு எல்லாரும், ஒரு காரு வெடிச்சுக்கிட்டே போச்சு சாமின்னு கை காட்டியிருக்காங்க. வந்து நின்னா. நான், வா சாமி, அந்த டிக்கியில ஸ்பேனர் செட்டு இருக்குது எடுன்னேன். அவ எடுக்கலீங்க. என்ற மொகத்துக்கு நேரா நின்னு, "மாமா, நீ மனுசனா?"ங்கறா. நடு ரோட்டுல. நான் தூக்கி வளத்த புள்ளை. கேஸ்கெட் போயிருச்சு கண்ணுன்னேன். "அது போனா மாத்திக்குவ. எங்கக்கா அங்க தாழ் போட்டுக்கிட்டுக் கெடக்கறா, அவளுக்கு என்ன மாத்துவ?"ன்னு கேட்டா. கேட்டுட்டு மாப்பிள்ளையப் பாத்து, "மச்சான், ஏறுங்க"ன்னா. அவன் மாலையோட ஏறி உக்காந்துட்டான். என்னையத் திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டா. தாய்மாமனை, நட்ட நடு ரோட்டுல விட்டுப்போட்டு!

நான் இதைய அவ மேல குத்தமாச் சொல்லலீங்க. சொன்னேன்ல, தங்கமான புள்ளைன்னு. நடந்ததைச் சொல்றேன். ஊருக்குள்ள அக்கா மாப்பிள்ளையப் பின்னால உக்கார வெச்சுக்கிட்டு ஸ்கூட்டர்ல பறந்தவ. மண்டபத்துக்குள்ள போயி, பாட்டுக் கச்சேரிக்காரன் மைக்கைப் புடுங்கி, "மாப்பிள்ளை வந்துட்டாருங்க. எங்க மாமா கார் ரிப்பேரு. வேன்ல ஏறுனவங்க எறங்கி வந்து சாப்புடுங்க, கேசரி ஆறுது"ன்னு சொன்னாளாம். அத்தனை பேரு முன்னால, பொம்பளைப் புள்ளை, மைக்குல! பொன்னுரங்கம், உங்க மாமன் ஒரு பைத்தியக்காரன்னு கத்தியிருக்கறான். அதுக்கு இவ, "பைத்தியந்தானுங்க. ஆனா எங்க மாமன். அதைய நாங்க சொல்லிக்குவோம், நீங்க சொல்லக்கூடாது"ன்னாளாம். பாருங்க. மண்டபத்துல வெச்சு என்னையப் பைத்தியம்னு ஒத்துக்கிட்டவ. வசந்தா இதைய எங்கிட்டச் சொல்றப்ப எதுக்கோ கண்ணைத் தொடச்சுக்கிட்டா. அவளும் அந்தக் கூட்டந்தான்.

நான் ஒரு டெம்போக்காரனைப் புடிச்சு, வண்டியக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைப் போன்ல சாந்தாமணி போன் மேல போன். "அண்ணா, ஒண்ணும் ஆகலை, எல்லாம் சரியாயிருச்சு, காத்தால முகூர்த்தம், நீ வந்துருண்ணா. ஆட்டோவுல வா, யாரையாவது அனுப்பறேன், வா. வண்டி கெடக்கட்டும்"கறா. வண்டி கெடக்கட்டும்! பாத்தீங்களா, அந்த வார்த்தைய? நான் சொன்னேன், நான் வந்தா அந்த வண்டியிலதான் வருவேன், அவன் முன்னால அந்த வண்டியிலதான் வந்து எறங்குவேன். புதுக் கேஸ்கெட் வாங்கி, ஹெட்டைப் பூட்டி, ஒவ்வொரு போல்ட்டா இறுக்கி, தண்ணி ஊத்தி, பொழுது கெளம்பறதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிட்டேனுங்க. ஒரே தடவைதான் சாவியத் திருகுனேன். எந்த மெக்கானிக்காவது பண்ணுவானா? அப்பறம் கொஞ்சம் டைமிங் ஒத்து வரலை, அதைய மட்டும் சரி பண்ணிட்டுக் கெளம்புனேன்.

நான் மண்டபத்துக்குள்ள போறேன், மொதப் பந்தி எந்திரிச்சுக் கை கழுவிட்டு வருது. தாலி கட்டியாச்சு. மாமன் செய்ய வேண்டிய மொறையெல்லாம் யாரோ ஒரு பங்காளிய நிறுத்திச் செஞ்சுட்டாங்க. தாய்மாமன் இல்லாம எப்புடிங்க தாலி கட்டலாம்? சித்தெ நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? மைதிலி மணவறையில இருந்து வாசலையே பாத்துட்டு இருந்தாளாம். பாத்தவ சொல்லியிருக்கலாமுல்ல, மாமா வரட்டும்னு? வண்டியத் திருப்புனேன். ஒரு வாய் தண்ணி குடிக்கலை அங்க. அன்னைக்குப் போட்ட தார்ப்பாய்தான் அது.

அதோட சரிங்க. அப்பறம் ஒருத்தரும் எட்டிப் பாக்கலை. மைதிலி வளைகாப்புக்கு மட்டும் சாந்தாமணி வந்து வாசல்ல நின்னா. நான் கதவைத் தொறக்கலை. தீவாளிக்கு ஒரு தூக்குப் போசியில பலகாரம் குடுத்துவிட்டா. திருப்பிக் குடுத்தனுப்பிட்டேன். ஊர்த் திருவிழா நோம்பிக்கு வந்தா, அன்னைக்கும் தொறக்கலை. மத்தபடி ஒருத்தரும் எட்டிப் பாக்கலீங்க. அண்ணன்னு ஒருத்தன் இருக்கறானான்னு ஒருத்தருக்கும் அக்கறை இல்லை. அப்புடிப்பட்ட குடும்பம்.

என்னங்க, எந்திரிச்சுட்டீங்க?

யோசிச்சுச் சொல்றோமா? யோசிச்சுச் சொல்றதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நானும் நாலு கலியாணம் பேசுனவந்தான். வீட்டுக்குள்ள சண்டை சச்சரவு எச்சாவாட்டம் இருக்குது, பொண்ணும் கொஞ்சம் வாய்த்துடுக்காட்டம் இருக்குதுங்கறீங்களா? யாருங்க சொன்னது வாய்த்துடுக்குன்னு? நானா? நான் எப்பச் சொன்னேன்? நான் காரைப் பத்தித்தானுங்க சொன்னேன்.

சரி, போங்க. போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. என்ற வீடு இதுதான்னு உங்களுக்கு யார் சொன்னது? புரோக்கரா? அந்தப் பொன்னுரங்கமா? அவனாத்தான் இருக்கும். அவன்தான் இந்தச் சம்பந்தமும் ஆகக்கூடாதுன்னு...

யாரு?

சாந்தாமணியா?

அவ வாயாலயா சொன்னா? நீங்க சரியாக் கேட்டீங்களா? என்னன்னு சொன்னா, இன்னொருக்காச் சொல்லுங்க. "எங்க சனத்துல யாரை வேணாலும் கேளுங்க, ஆனா கடைசியா எங்கண்ணனைக் கேளுங்க. பேச்சு வார்த்தை இல்லை. கோவக்காரன். ஆனா எம்புள்ளைகளுக்கு அப்பனுக்கு அடுத்து அவன்தான். பொய் சொல்ல மாட்டான். அவன் நல்ல புள்ளைன்னு சொன்னாப் போதும், எடுத்துக்குங்க"ன்னா சொன்னா?

சித்தெ இருங்க. நான் உக்காந்துக்கறேன்.

கதவைத் தொறக்கலைன்னு சொன்னனே. ரெண்டு வாட்டி வந்தவளுக்கு. அவ உங்ககிட்டப் போயி இப்புடிச் சொல்லியிருக்கறா. கிறுக்கி. கிறுக்கச்சி! இந்தப் பைத்தியக்காரன்கிட்டயா கொண்டாந்து புள்ளையோட வாழ்க்கையக் குடுப்பா? வேற ஆளே இல்லையா இந்த ஊர்ல?

இருங்க, இருங்க, செருப்பைப் போடாதீங்க. நான் சொன்னதெல்லாம் பொய்ங்க. நான் நெம்பப் பொய் பேசுவனுங்க. எங்க தங்கச்சிக்குத் தெரியாது, அவளுக்கு என்ன தெரியும், அவ வெகுளி. அந்தப் புள்ளை என்னைய எதுத்துப் பேசவே இல்லை. மைக்கெல்லாம் புடிக்கலை. அது ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாதுங்க. இல்லை, இருங்க, பேசுச்சு. பேசுனதாலதாங்க மைதிலி இன்னைக்குக் கைக்குழந்தையோட இருக்கறா. நான் தொலைச்சுட்டு வந்த மாப்பிள்ளைய அதுதான் கொண்டாந்துச்சு. எப்புடிச் சொன்னா நீங்க நம்புவீங்க? பொன்னுரங்கம் வண்டிய முந்துனேன்னு சொன்னேன்ல, அந்த மலை வளைவுல? அதும் பொய்ங்க. நான் முந்தவே இல்லை. அவன்தான் பாவம் பாத்து வழி விட்டான். எனக்கு எஞ்சினைப் பத்தி ஒரு எழவும் தெரியாதுங்க.

வசந்தா! வசந்தா, இங்க வா, இவுரு போறாரு பாரு! வந்து சொல்லு, நான் பொய் பேசறவன்னு சொல்லு. இத்தனை வருசம் கூட இருக்கறியே, சொல்லு!

ஏனுங்க, காருக் கதவைச் சாத்தாதீங்க. கண்ணாடிய எறக்குங்க. நான் பொய்யனுங்க. எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டான்னு அவ சொன்னது தப்புங்க. சத்தியமாச் சொல்றேன், நான் பொய்யனுங்க.